இருபத்தேழு டிகிரி ஜனவரி

"இந்த இருபத்தேழைப் போட்ட கையைப் பிடிச்சிட்டா கேஸ் முடிஞ்சுது" என்றார் கௌதமன்.

அந்தக் கை அவருடைய மேஜை மேல்தான் இருந்தது. டீ கிளாஸைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு. கிளாஸ் சுட்டது. ஆனாலும் எடுக்கவில்லை. எடுத்தால் என் கை அவர் கண்ணில் படும்.

நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் அகல்யா. பதினாறு வயது. டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். அப்பா ஜோதிலிங்கத்துக்கு யமுனைத் தண்ணீரைச் சோதிக்கிற ஒரு அரசு அலுவலகத்தில் வேலை, இருபத்துநாலு வருஷமாக. மாதத்தில் இரண்டு நாள் விடிகாலை ஜீப்பில் போய், பதினாலு இடங்களில் தண்ணீர் பிடித்து வருவார். தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு, கிருமி எவ்வளவு, அழுக்கு எவ்வளவு, புளிப்பா காரமா என்று நாலு சோதனை. நாலுக்கும் தனித்தனி மார்க். எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்கு ஒரு மார்க். ஐம்பதைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து குடிக்கக் கொடுக்கலாம். தாண்டாவிட்டால் தொடவே கூடாது.

ஜனவரி ரிப்போர்ட்டில் ஒன்பதாம் நம்பர் இடத்துக்கு அறுபத்தொன்று என்று அச்சாகியிருந்தது. அதை நம்பி அங்கே இருந்த பழைய பம்பு ஹவுஸை ஓடவிட்டு, கரைமேல் இருக்கிற குடிசைப் பகுதியான பஸ்திக்குக் குழாயில் தண்ணீர் கொடுத்தார்கள். மார்ச் முடிவதற்குள் இருபத்துமூன்று குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை. ரிப்போர்ட்டில் அப்பா பெயர். மார்க்கைத் திருத்தினார் என்று சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. குற்றம் நிரூபணமானால் வேலை போகும், பென்ஷன் போகும், அப்புறம் போலீஸ். அப்பா பத்து நாளாக எங்களோடு பேசுவதே இல்லை.

அம்மாதான் கௌதமனைப் பிடித்தாள். ஏர்ஃபோர்ஸில் பதினைந்து வருஷம் இருந்தவர். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளமும் காபிப் பொடியும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். டெல்லியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைகளைப் பற்றி ஊரிலிருந்து பெண் வீட்டார் கேட்டால் விசாரித்துச் சொல்வார். குடிக்கிறானா, சொன்ன சம்பளம் நிஜமா, வேறு குடும்பம் இருக்கிறதா. என் சித்திக்குப் பார்த்த மாப்பிள்ளைக்குக் கரோல்பாக்கில் ஒரு மனைவி இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். நதியைப் பற்றி விசாரிக்கச் சொல்லி வந்த முதல் ஆள் என் அம்மா.

அம்மா அப்பாவை விட்டு நகரமுடியாததால் என்னை அனுப்பியிருந்தாள். ஒட்டின கவரில் ரிப்போர்ட். அதை நான் அன்றுவரை பிரித்துப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"பாரு வடிவு. பதினாலு இடம். ஜனவரி மாசம். தண்ணியோட சூடு, வரிசையா இருபத்தேழு டிகிரி" என்றார் கௌதமன்.

வடிவு அவருடைய உதவியாள். திருநெல்வேலிக்காரி. முப்பது வயது இருக்கும்.

"ஜனவரியில நான் பாத்ரூமுக்குள்ள போறதுக்கு முன்னால வீட்டுக்குக் கடுதாசி எழுதி வச்சிட்டுல்லா போவேன்" என்றாள் வடிவு. "யமுனைக்கு எவன் சார் ஹீட்டர் போட்டான்? கரண்ட் பில்லு யாரு கட்டுதா?"

"அதான் விஷயம். இதை எழுதினவன் ஆத்துப் பக்கமே போகல. இருபத்துநாலு வருஷமா தண்ணிக்குள்ள கைய விடற ஜோதிலிங்கம் சார் இதை எழுத மாட்டார். ரூமுக்குள்ள உக்காந்தவன் எழுதியிருக்கான்." என் பக்கம் திரும்பினார். "பாப்பா, உங்கப்பா ஆபீஸ்ல இருபத்தேழுங்கற நம்பர் வேற எங்கயாச்சும் வருமா?"

"லேப்ல அங்கிள். அழுக்கு பாக்கறதுக்கு பாட்டிலை ஒரு பெட்டிக்குள்ள மூணு நாள் வைப்பாங்க. அந்தப் பெட்டி எப்பவும் இருபத்தேழு. லேப் ஷீட் எல்லாத்துலயும் மேல பிரிண்ட் பண்ணியிருக்கும்."

சொன்னது அத்தனையும் உண்மை. மீதியைச் சொல்லவில்லை.

மீதி இதுதான். இரண்டு வருஷம் முன்னால் அலுவலகத்தில் எல்லாக் கணக்கையும் ஃப்ளாப்பியில் கொடுக்கச் சொன்னார்கள். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வராது. எனக்கு ஸ்கூலில் அது ஒரு பாடம். நேரு பிளேஸில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். அவருடைய ஃபீல்டு நோட்டையும் லேப் ஷீட்டையும் மேஜையில் வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போவார். நான் டைப் செய்து வைப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஐஸ்க்ரீம். ஃபீல்டு நோட்டில் அப்பா பென்சிலில் எழுதிய சூடு, பனியில் நனைந்து கலங்கிப் போயிருந்தது. லேப் ஷீட்டில் இருபத்தேழு பளிச்சென்று அச்சில் இருந்தது. முதல் கட்டத்தில் அதைப் போட்டு, மவுஸால் கீழே இழுத்தேன். பதினாலு கட்டமும் நிறைந்தது. மூன்று மணிக்கு டிவியில் மேட்ச் இருந்தது.

குளிர்ந்த தண்ணீர் நிறையக் காற்றை, அதாவது பிராணவாயுவை, பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் குறைவாகக் காற்று இருந்தால் மார்க்கை வெட்டுவார்கள். நான் எல்லாத் தண்ணீரையும் கோடைக்காலத் தண்ணீராக ஆக்கிவிட்டேன். மார்க் ஏறிவிட்டது. பம்பு ஓடியது. இருபத்துமூன்று குழந்தைகள். இதுதான் பத்து நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை ரங்கராஜன் அங்கிள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் மேலதிகாரி. அப்பா கொடுக்கிற கணக்கை ரிப்போர்ட்டாகத் தொகுத்து அச்சுக்கு அனுப்புகிறவர் அவர்தான். சமையலறையில் நின்று கேட்டேன்.

"ஜோதி, நீங்க ஒண்ணும் பேசாதேள். கவனக்குறைவா தப்பு விழுந்துடுத்துன்னு எழுதிக் குடுத்துடுங்கோ. மத்ததை நான் பாத்துக்கறேன். ஆபீஸ் கணக்கை ஆத்துல குழந்தை டைப் பண்ணினாள்னு தெரிஞ்சா அவ பேரும் ஃபைல்ல ஏறும். படிக்கற பொண்ணு பாருங்கோ. பழைய ஃப்ளாப்பி ஏதாவது ஆத்துல இருக்கா?"

"இல்ல சார். எல்லாம் ஆபீஸ்ல குடுத்தாச்சு."

இருந்தது. ஆபீஸ் ஃப்ளாப்பிகள் அடிக்கடி கெட்டுப்போகும், அதனால் நான் எப்போதும் ஒரு காப்பி வைத்துக்கொள்வேன். 'பயாலஜி ப்ராஜெக்ட்' என்று மேலே எழுதியிருந்தேன். சனிக்கிழமை காலை அது என் தோள்பையில், ஒரு பாலிதீன் பைக்குள், பூஜை அறையில் வாடின சாமந்திப் பூக்களோடு இருந்தது. மயூர் விஹார்க்காரர்கள் எல்லோரும் நிஜாமுதீன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பூஜைப் பூவைப் பையோடு ஆற்றில் வீசுவார்கள். ஒரு பை அதிகமாக விழுந்தால் யாருக்குத் தெரியும்.

"கிளம்புவோம். தண்ணி பிடிக்க அவரோட போற ஆளு ஒருத்தர் இருக்காராமே" என்றார் கௌதமன்.

"வேலு அண்ணா. பம்பு ஹவுஸ்கிட்டதான் இருப்பாங்க."

ஆட்டோவில் நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். ஏப்ரல் வெயில் தார்ப்பாய் வழியாக இறங்கியது. நான் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் காலடியில் வைத்தேன். மறுபடி மடியில்.

"ஏட்டி, பைக்குள்ள கோழிக்குஞ்சு வச்சிருக்கியா?" என்றாள் வடிவு.

"பூ, அக்கா. ஆத்துல போடணும்."

"அது சரி. தண்ணி கெட்டுப்போச்சுன்னு விசாரிக்கப் போறோம், போற வழியில நாமளும் ஒரு கை போட்டுட்டுப் போவோம்." கௌதமன் பக்கம் எட்டிப் பார்த்தாள். "சார், எனக்கு ஒண்ணு வெளங்கல. நாலு விஷயத்தப் பாத்து ஒரே நம்பர் போடுதாவளே, இது நம்ம ஜாதகப் பொருத்தம் மாதிரிதான? பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு."

"அதே மாதிரிதான்."

"அப்ப நம்ம வேலைதான். ரஜ்ஜு பொருந்தலைன்னா மிச்சம் ஒம்பது பொருந்தியும் பிரயோஜனமில்ல, மாப்பிள போய்ச் சேந்துருவான். இதுல ரஜ்ஜு எது?"

கௌதமன் என்னைப் பார்த்தார்.

"பிராணவாயு" என்றேன். "அப்புறம் கிருமி."

பாலம் வந்தது. எனக்கு முன்னாலேயே ஒரு மாருதி நின்று, பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மா கம்பி இடைவெளியில் பையைத் திணித்துக்கொண்டிருந்தார். "பையா, ஏக் மினிட் ரோக்னா" என்று ஆட்டோக்காரரை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன்.

"குடு, நான் வீசுதேன். ஒனக்குக் கை எட்டாது."

"வேண்டாம் அக்கா. அம்மா என்னையே போடச் சொன்னாங்க."

"எதுக்கு நிறுத்தணும்? கீழ ஆத்துக்குத்தான போறோம். அங்க போட்டுக்கலாம். சலோ பையா" என்றார் கௌதமன்.

ஆட்டோ நகர்ந்துவிட்டது. நான் பையின் காதை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டேன். விரல் நுனி வெளுத்துப்போனது.

ஒன்பதாம் நம்பர் இடத்தில் தண்ணீர் கறுப்பு. ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி வெள்ளை. பம்பு ஹவுஸுக்குப் பூட்டுப் போட்டு சீல் வைத்திருந்தார்கள். வேலு அண்ணா படகைக் கவிழ்த்துப்போட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். விழுப்புரத்துக்காரர். அப்பாவோடு பத்து வருஷமாகத் தண்ணீர் பிடிக்கிற தினக்கூலி.

"சாரு எப்படிம்மா இருக்காரு? சாப்பிடறாரா?"

"இருக்காங்க அண்ணா."

"சாருக்குப் பதிலா புது ஆளு ஒருத்தரு வர்றாரு. ஜீப்ப விட்டு எறங்கறதில்ல. கண்ணாடிய எறக்கி, 'ஹோ கயா?', முடிஞ்சுதான்னு கேப்பாரு. ஹோ கயான்னுட்டு நானே எல்லாம் பண்றேன்."

கௌதமன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஜனவரியில சார் தண்ணியோட சூட்டை அளந்தாரா?"

"அளக்காம எப்படி? பொங்கலுக்கு மறுநாளு. பனி, கை வெறைச்சுப் போச்சு. பதினாலுன்னாரு. நான்கூட, பதினாலு எடம், பதினாலு டிகிரி, கணக்கு சரியா இருக்கு சார்னேன். சிரிச்சாரு."

"அப்ப இருபத்தேழு?"

"இருபத்தேழுன்னா இப்பதான். தொட்டுப் பாருங்க."

கௌதமன் நோட்டில் ஏதோ எழுதினார். அடுத்து அவர் 'யார் டைப் செய்தது' என்று கேட்பார். வேலு அண்ணாவுக்குத் தெரியும். ஒருமுறை அப்பா அவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நான் பையோடு தண்ணீர்ப் பக்கம் நாலு அடி நடந்தேன்.

"காத்து எவ்வளவு இருக்குன்னு எப்படிப் பாக்கறது வேலு? எனக்கு ஒருக்கா காட்டுங்க" என்றார் கௌதமன்.

வேலு அண்ணா மரப்பெட்டியைத் திறந்தார். சின்னக் கண்ணாடிப் பாட்டிலைத் தண்ணீருக்குள் சாய்த்துக் குமிழி வராமல் நிரப்பினார். இரண்டு மருந்து, ஒன்றன்பின் ஒன்றாக. மூடி, தலைகீழாக ஆட்டி, உயர்த்திப் பிடித்தார்.

"பழுப்பா வந்தா தண்ணிக்கு மூச்சு இருக்கு. வஜீராபாத்துக்கு அந்தப் பக்கம் நல்லா டீ கலருல வரும். இங்க பாருங்க."

பாட்டிலுக்குள் பால் திரிந்த மாதிரி வெள்ளை.

"வெள்ளைன்னா?"

"பொணம். இந்த எடத்துல நான் பழுப்பைப் பார்த்ததே இல்ல. ஜனவரியிலயும் இதேதான். சார் நோட்டுல ஒரு முட்டை போட்டாரு."

வடிவு பாட்டிலை வாங்கி வெயிலில் பார்த்தாள். "ரஜ்ஜுவே இல்ல. இதுக்கா நூத்துக்கு அறுபத்தொண்ணு? எந்த ஜோசியன் சார் இவன்?"

கௌதமன் ரிப்போர்ட்டைப் பிரித்து ஒன்பதாம் வரியில் விரலை வைத்தார். "இங்க முட்டை இல்லயே. பிராணவாயு கட்டத்துல ஒரு கோடு. கிருமி கட்டத்துலயும் ஒரு கோடு. நம்பரே போடல."

"கோடு இல்ல அங்கிள்" என்றேன். "சைபர். கிருமிக்கு இருபத்துநாலு லட்சம், எத்தனை சைபர்னு ரெண்டு தடவ எண்ணித்தான் போட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்புறம்தான் காதில் விழுந்தது.

வடிவு பாட்டிலைக் கீழே வைத்தாள். கௌதமன் மட்டும் ஆச்சரியப்படவில்லை. ரிப்போர்ட்டை மடித்து நீட்டினார்.

"உக்காரு. காலையிலயே தெரியும். இருபத்தேழுன்னு நான் வாசிச்சப்ப வடிவு சிரிச்சா. நீ சிரிக்கல. டெல்லியில பொறந்து வளர்ந்த புள்ள, ஜனவரியில இருபத்தேழு டிகிரின்னா முதல்ல நீ சிரிச்சிருக்கணும்."

"அப்ப ஏன் கேக்கல?"

"விசாரிச்சுப் பழக்கம். மாப்பிள்ளையக் கேட்டா மாப்பிள்ளை சொல்ல மாட்டான். கூடவே சுத்தினா சொல்லிடுவான்."

அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகள், மவுஸால் இழுத்தது, மேட்ச், ரங்கராஜன் அங்கிள். இருபத்துமூன்று குழந்தைகளும் என்னால்தான் என்று சொன்னேன். வேலு அண்ணா துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கௌதமன் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. முடித்ததும் கேட்டார்:

"சூடு எதுக்கு வேணும்? அந்தக் கணக்கை மட்டும் சொல்லு."

"அந்தச் சூட்டுல தண்ணி எவ்வளவு காத்தைப் பிடிச்சுக்க முடியுமோ, அதால இருக்கற காத்தை வகுக்கணும். பதினாலு டிகிரின்னா பெரிய நம்பரால வகுக்கணும். இருபத்தேழுன்னா சின்ன நம்பர்."

"இங்க இருக்கற காத்து?"

"சைபர்."

"சைபரை வகுத்தா?"

நான் பாட்டிலைப் பார்த்தேன். வெள்ளை அடியில் படிய ஆரம்பித்திருந்தது. பத்து நாளாக இது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கு. சைபரைப் பெரிய நம்பரால் வகுத்தாலும் சைபர், சின்ன நம்பரால் வகுத்தாலும் சைபர். மற்ற இடங்களில் என் தப்பு மார்க்கை இரண்டு மூன்று ஏற்றியிருக்கும். இந்த இடத்தில் என் இருபத்தேழு ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை.

"அப்ப அறுபத்தொண்ணு எப்படி வந்தது?" என்றாள் வடிவு. குரலில் கேலி குறைந்திருந்தது.

கவரின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். "நாலு பாடம் அக்கா. சைபர் வாங்கினா ஃபெயில், மொத்த மார்க் விழுந்துடும். கோடு போட்டா கம்ப்யூட்டர் வேற மாதிரி எடுத்துக்கும். அந்தப் பாடத்துக்குப் பரீட்சையே நடக்கலைன்னு நெனச்சுக்கும். மிச்சப் பாடத்தை மட்டும் வச்சு நூத்துக்கு மார்க் குடுத்துடும். புளிப்பு காரத்துல தொண்ணூத்திரெண்டு, அழுக்குல இருபத்தஞ்சு. ஒவ்வொரு பாடத்துக்கும் எடை வேற வேற, அந்த எடைப்படி ரெண்டும் சேர்ந்தா அறுபத்தொண்ணு. நாலையும் போட்டா இருபத்தாறுதான்."

"அடப்பாவி. வேலை இல்ல, வெட்டி இல்ல, குடிகாரப் பய. ஆனா மூக்கு லட்சணம், தலைமுடி கறுப்பு, ஆகையினால பொண்ணு குடுக்கலாம்."

"ஃப்ளாப்பியை யார்கிட்ட குடுத்தீங்க?" என்றார் கௌதமன்.

"அப்பா ரங்கராஜன் அங்கிள்கிட்ட குடுப்பாங்க. அவர்தான் பிரிண்டுக்கு அனுப்புவார். நடுவுல வேற யாரும் இல்ல." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டேன். "இந்த பம்பு ஹவுஸ் ஃபைல் அவர் மேஜையில ஒரு வருஷமா கிடந்தது. ஐம்பது வரலைன்னு பாஸ் ஆகலை. மேலயிருந்து போன் மேல போன்னு அப்பா சொல்வாங்க."

பாலிதீன் பையை அவிழ்த்தேன். சாமந்தி இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்த ஃப்ளாப்பியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். வடிவு அதை வாங்கித் துப்பட்டாவில் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. அம்மா, பெயர் பூங்கோதை, கதவைத் திறந்தாள். அப்பா வராந்தா நாற்காலியில், மூன்று நாள் தாடியோடு. கௌதமன் கையில் ஃப்ளாப்பியைப் பார்த்ததும் எழுந்தார்.

"அது என்னுது" என்றார். பத்து நாளில் அவராக வாய் திறந்து பேசின முதல் வாக்கியம். "நான்தான் டைப் பண்ணேன். பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிக்குங்க."

"அப்பா, நான் சொல்லிட்டேன்."

"நீ உள்ள போ."

"சரி சார், நீங்கதான் டைப் பண்ணீங்க" என்றார் கௌதமன். "ஃபைலைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க. தேதி பார்க்கணும்."

என் அறையில் கம்ப்யூட்டர் மேல் போட்டிருந்த துண்டை அப்பாவே எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தப் பொத்தான் என்று தேடினார். அம்மா தாங்கமுடியாமல் எட்டி அழுத்திவிட்டாள். திரை வெளிச்சமானது. அப்பா ஃப்ளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தலைகீழாக நுழைத்தார். போகவில்லை. அடுத்த பக்கம் நுழைத்தார். போனது. அப்புறம் மவுஸை எடுத்தார். மேஜையிலிருந்து தூக்கி, டிவி ரிமோட் மாதிரி திரையைப் பார்த்து நீட்டினார்.

திரையில் அம்பு அசையவில்லை.

வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவின் காதுமடல் சிவந்தது. மவுஸைக் கீழே வைத்தார், உடையும் பொருளை வைப்பது மாதிரி.

"அஞ்சு நாள் ட்ரெயினிங் போனேன். சர்டிஃபிகேட்கூட இருக்கு. கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு வந்தேன். கேட்டா சிரிப்பாங்க. எல்லாம் சின்னப் பசங்க."

நான் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஃபைலைத் திறந்தேன். ஜனவரி இருபத்தெட்டு, ஞாயிறு, மத்தியானம் இரண்டு ஐம்பது. ஒன்பதாம் வரியில் முட்டை. பக்கத்தில் இருபத்துநாலு லட்சம். கடைசியில் மொத்த மார்க், இருபத்தாறு.

"தேதியை நேத்து மாத்தினீங்கன்னு ரங்கராஜன் சொல்வார்" என்றார் கௌதமன். "சொல்லட்டும். ஆனா இந்த ஃபைல்ல பதினாலு கட்டத்துலயும் இருபத்தேழு இருக்கு. அச்சடிச்ச ரிப்போர்ட்லயும் அதே பதினாலு இருபத்தேழு. பொய்யா ஒரு ஃபைல் தயார் பண்றவன் அதைச் சரியா பண்ணுவான். இப்படி ஒரு முட்டாள்தனமான தப்பை உள்ள வைக்க மாட்டான். இந்தக் குழந்தையோட தப்பு அந்த ரிப்போர்ட்டுக்குள்ள அப்படியே இருக்கு. அப்ப ரிப்போர்ட் பொறந்தது இந்த ஃபைல்லதான். ரெண்டுக்கும் நடுவுல மாறினது ரெண்டு கட்டம், அந்தக் கட்டங்களால ஏறின மார்க். ஒன்பதாம் வரி மட்டும்."

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இவரு தப்பு பண்ணலை."

"பண்ணியிருக்கார். ஆபீஸ் கணக்கை வீட்டுல குடுத்தது தப்பு. அதுக்கு ஒரு இன்க்ரிமெண்ட் போகும். ஆனா இந்த ஃபைல் செல்லணும்னா ரெண்டு பேர் வாய் திறக்கணும். பாப்பா, இருபத்தேழு எப்படி வந்ததுன்னு நீ சொல்லணும். சார், கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாதுன்னு நீங்க சொல்லணும். ஆபீஸ் மொத்தத்துக்கும் முன்னாடி."

"பொண்ணை அங்க கொண்டுபோய் நிறுத்தமாட்டேன்."

"நான் வரேன்ப்பா."

"நீ பேசாத."

"அந்தப் பசங்களோட அம்மாங்கள்லாம் வருவாங்கப்பா" என்றேன். "நீங்கதான் பண்ணீங்கன்னு நெனச்சுட்டே வீட்டுக்குப் போவாங்க."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டையின் மேல் விரலை வைத்தார். கண்ணாடியில் ரேகை பதிந்தது.

"யோசிச்சு போன் பண்ணுங்க சார்" என்று கௌதமன் எழுந்தார். வாசலில் வடிவு மட்டும் ஒரு நொடி பின்தங்கினாள். "ஏட்டி, திங்கக்கிழமை சாப்பிட்டுட்டு வா. வெறும் வயித்துல உண்மையச் சொன்னா மயக்கம் வரும்."

இப்போது ராத்திரி மணி ஒன்றே கால். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. மாலையில் ரங்கராஜன் அங்கிள் இரண்டு தடவை போன் செய்தார். அப்பா எடுக்கவில்லை. மற்ற பதிமூன்று இடங்களுக்கு நான் ஏற்றிவிட்ட மார்க்கையும் திங்கட்கிழமை நானேதான் சொல்லவேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்கிறது. ஹிந்தியில் அதட்டுகிறாள். இருபத்துநாலு வருஷ சர்வீஸ், கம்ப்யூட்டர் தெரியாதா என்று விசாரணை அதிகாரி மாதிரி கேட்கிறாள். அப்பா ஆரம்பித்து நிறுத்துகிறார். "அப்படி முணுமுணுத்தா அவங்களுக்குக் கேக்காது, மறுபடி" என்கிறாள் தமிழில். மறுபடி கேள்வி. நாற்காலி நகர்கிறது. எழுந்து நிற்கிறார் போல.

"நஹீ ஆத்தா, சர்" என்கிறார் அப்பா, சத்தமாக. "மேரீ பேட்டீ கோ ஆத்தா ஹை."

எனக்குத் தெரியாது சார். என் பொண்ணுக்குத் தெரியும்.